செங்காந்தள் வளர்ப்பு: பூ அழகு, கிழங்கு நஞ்சு

சென்னை வடபழனி முருகன் கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் வயலும் தோப்பும் இருந்தன. இன்று வீடுகள் நெருங்கிவிட்டதால், செடி வளர்க்க விரும்புவோருக்கு மாடியும் தொட்டியுமே மிச்சம். அத்தகைய வீடுகளுக்கு ஏற்ற அழகுச் செடிகளில் ஒன்று செங்காந்தள். முருகனைக் காந்தள் சூடியவனாகத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. மலைச்சாரலிலும் வேலியிலும் தானே படரும் இக்கொடியின் பூதான் தமிழ்நாட்டின் மாநில மலர்.

சென்னையை அடுத்த ஊர்களில் சிறு நிலம் உள்ளவர்கள் இதைப் பெருக்கித் தொட்டிச் செடியாக விற்கலாம். ஆனால் இதன் கிழங்கு உயிரைப் பறிக்கும் நஞ்சு. அதை அறிந்த பிறகே வளர்ப்பில் இறங்க வேண்டும்.

கிழங்குத் தேர்வு

கலப்பை போல் வளைந்திருப்பதால் இதற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். கண்வலிக் கிழங்கு என்பதும் இதுவே. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளை இருக்கும். நுனி ஒடிந்தால் கிழங்கு முளைக்காது. 50 முதல் 60 கிராம் எடையுள்ள, அழுகல் இல்லாத கிழங்கே நல்லது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் மருந்துக்கான விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள். அத்தகைய பயிர்த் தோட்டங்களிலிருந்தே கிழங்கு வாங்க வேண்டும். காடுகளில் தோண்டி எடுத்ததால் இயற்கையில் இக்கொடி குறைந்துவிட்டது. காப்புக் காட்டில் தோண்டுவது குற்றமும் ஆகும். விதையிலிருந்தும் வளர்க்கலாம், பூக்க இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும்.

நடவு

ஆனி, ஆடி மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. தொட்டி ஓரடி அகலமாவது இருக்க வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்பி, கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கை வசமாக வைத்து மூட வேண்டும். நிலத்தில் நட்டால் வரிசைக்கு வரிசை இரண்டடியும் செடிக்குச் செடி ஒன்றரை அடியும் இடைவெளி விடலாம்.

இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். ஆகவே மெல்லிய குச்சியோ கம்பியோ நட்டால் போதும். தடித்த கம்பத்தை அதனால் பற்ற முடியாது.

பராமரிப்பு

மண் ஈரமாக இருக்கலாம். நீர் தேங்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையின்போது தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் கிழங்கு அழுகும். கறுப்பு உடலில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளுள்ள புழுக்கள் இலையைத் தின்னும். கையால் பொறுக்கி அழிக்கலாம். மிகுந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம்.

பச்சையாக விரியும் இதழ்கள் மஞ்சளாகிப் பின் சிவக்கும். பூத்து முடிந்து கொடி காய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பழைய கிழங்கு சுருங்கி, அதன் இடத்தில் புதிய கிழங்கு உண்டாகியிருக்கும். அதைத் தோண்டி நிழலில் மணலில் வைத்து அடுத்த ஆனியில் நடலாம்.

எச்சரிக்கை

செடி முழுவதிலும் கோல்ச்சிசின் என்ற நச்சுப் பொருள் உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. வாதநோய் மருந்து தயாரிக்க உதவும் பொருள் என்பதால் வீட்டில் மருந்தாக உண்ணலாம் என்று எண்ணுவது பேராபத்து. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று தவறாக எண்ணி உண்டு மாண்டவர்களும் உண்டு.

ஆகவே வள்ளிக்கிழங்கு, சேனை நட்ட இடத்தின் அருகே இதை நடக்கூடாது. சமையலறையில் கிழங்கை வைக்கக் கூடாது. கையுறை அணிந்து கையாண்டு, பின்பு சோப்பால் கை கழுவ வேண்டும். கழித்த கொடியை மாட்டுக்குப் போடலாகாது. குழந்தைகள் எட்டாத இடத்தில் தொட்டி இருக்கட்டும். தவறி உண்டுவிட்டால், வாந்தி, பேதி தொடங்கும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மீதிக் கிழங்கையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விற்பவர் ஒவ்வொரு தொட்டியிலும் "நஞ்சு, உண்ணாதீர்" என்று எழுதிக் கட்டி, வாயாலும் சொல்லி அனுப்ப வேண்டும். நாட்டுப்புறத்தில் பெரியவர்கள் அறிந்திருக்கும் இந்தச் செய்தி, நகரத்து மாடிவீட்டாருக்குத் தெரியாமல் இருக்கலாம்.