பாலத்தில் நின்று பார்த்தால் ஆறு தெரியாது

சென்னையில் திரு.வி.க. பாலத்தைக் கடக்கும்போது நீர் கறுத்திருந்தால் 'அடையாறு செத்துப்போச்சு' என்கிறோம். கொக்கும் நாரையும் கண்ணில் பட்டால் 'பரவாயில்லை, தேறிடுச்சு' என்கிறோம். ஓர் ஆற்றின் நிலையை இப்படிப் போகிற போக்கில் தீர்ப்பது எனக்கு உறுத்துகிறது. இப்படிப்பட்ட சில நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: மீனும் பறவையும் இருந்தால் ஆறு நலமாக இருக்கிறது

எந்த மீன், எந்தப் பறவை என்று பார்க்க வேண்டும். ஜிலேபிக் கெண்டை, ஆக்ஸிஜன் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். வீட்டுத் தொட்டிகளிலிருந்து வந்து நம் நீர்நிலைகளில் பெருகிவிட்ட டேங்க் கிளீனர் மீன், மேலே வந்து காற்றையே விழுங்கிப் பிழைக்கும். சாக்கடைச் சேற்றுப் புழுக்களைக் கொத்தவும் நெடுங்கால் உள்ளான்கள் கூட்டமாக வரும்.

உண்மையைச் சொல்பவை அடியில் வாழும் சிற்றுயிர்கள். மேஃபிளை என்னும் பூச்சியின் இளம்பருவம் நீரில் கழிகிறது. நீர் கெட்டால் முதலில் காணாமல் போகிறவற்றில் அதுவும் ஒன்று. தட்டானின் இளம்பூச்சிகள் பலவும் இன்னும் கொஞ்சம் தாங்கும். கடைசியில் மிஞ்சுவது, வண்ணமீன் கடைகளில் தீனியாக விற்கும் சிவப்புப் புழுக்கள். உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால், இருக்கிற சொற்ப ஆக்ஸிஜனையும் அவை பிடித்து வைத்துக்கொள்ளும். எந்த உயிர் எவ்வளவு மாசைத் தாங்கும் என்று ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற ஆய்வாளர்கள் 1900-களின் தொடக்கத்திலேயே பட்டியலிட்டார்கள். நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இத்தகைய உயிர்களை வைத்துத் தரம் பிரிக்கும் முறையை வகுத்திருக்கிறது.

நம்பிக்கை: ஒரு பாட்டில் தண்ணீரை லேபுக்கு அனுப்பினால் போதும்

எந்த நேரத்துத் தண்ணீர்? பாசி மண்டிய நீரில் பகல் வெயிலில் ஆக்ஸிஜன் ஏறும். இரவில் அதே பாசி மூச்சுவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு மிகவும் தாழ்ந்திருக்கும். மதியம் இரண்டு மணிக்கு எடுத்த மாதிரி நல்ல எண்ணைக் காட்டலாம்; மறுநாள் காலை மீன்கள் செத்து மிதக்கலாம். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்ஸிஜனாவது வேண்டும் என்பது வாரியத்தின் வரையறை. சென்னை வெயிலில் 30 டிகிரிக்குச் சூடான நன்னீர் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளக்கூடியதே சுமார் 7.5 மில்லிகிராம்தான். இருப்பு அவ்வளவு குறைவு என்பதால், கொஞ்சம் கழிவுநீர் கலந்தாலும் இங்கே சேதம் பெரிது.

நம்பிக்கை: மாம்பலம் கால்வாய் வெறும் சாக்கடை

இல்லை. நுங்கம்பாக்கம், மாம்பலம் பக்கம் 'லாங் டேங்க்' என்ற நீண்ட ஏரி இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு பெயரில் மட்டும் அந்த ஏரி மிச்சம். வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து தி.நகர், நந்தனம் வழியே போகும் மாம்பலம் கால்வாய் அடையாற்றில்தான் கலக்கிறது. தி.நகரில் இதற்குள் விடுகிற கழிவுநீரை ஆற்றின் கணக்கில்தான் எழுத வேண்டும். கால்வாயைச் சோதிக்காமல் ஆற்றை மட்டும் சோதிப்பது பாதி வேலை.

நம்பிக்கை: 2015 வெள்ளம் ஆற்றைக் கழுவிவிட்டது, முகத்துவாரத்து மணலை வெட்டினால் மீதியும் சரியாகும்

அந்த டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். வெள்ளம் சேற்றை அள்ளிப் போகும். வடிந்த பின்னும் கழிவுநீர் வந்துகொண்டேதான் இருக்கும். பட்டினப்பாக்கத்தை ஒட்டிய மணல்திட்டை வெட்டினால் கடல்நீர் உள்ளே வந்து போகும். அது அவசியம்தான், ஆனால் அதனால் மேலே ஒரு கழிவுநீர்க் குழாயும் அடைபடாது.

இன்னொன்று, முகத்துவாரத்தில் மேஃபிளையைத் தேடிப் பயனில்லை. உப்பேறிய நீர் அதற்கு ஆகாது. அங்கே நண்டையும் இறாலையும் மடவை மீனையும் எண்ண வேண்டும். ஆறு தொடங்கும் ஆதனூர் ஏரிப் பக்கம் ஓர் அளவுகோல், முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தில் வேறோர் அளவுகோல். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட்டு அறிக்கை வந்தால், அதை நம்பாதீர்கள்.