பழைய அலுவலக மென்பொருளை நிறுவுதலும் புதுப்பித்தலும்

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய திட்டத்தின்படி, பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அங்கத்தினர் இல்லங்களுக்கும் அவை வந்து சேர்ந்தன. பிள்ளைகள் படிப்பை முடித்த பின்னர் அக்கணினியிலேயே நூல் வரவையும், நெசவுக் கூலியையும், சின்ன வெங்காயம் விற்ற கணக்கையும் எழுதி வருவோர் உண்டு. அத்தகையோர் பழைய அலுவலக மென்பொருளை மீண்டும் நிறுவும்போதும் புதுப்பிக்கும்போதும் அறிய வேண்டியவற்றை இப்பாடம் கூறுகிறது.

முதலில் நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்று. மென்பொருள் போனால் வேறொன்று கிடைக்கும். பத்தாண்டுக் கணக்கு போனால் கிடைக்காது. ஆகவே எதையும் நீக்குமுன் கோப்புகள் அனைத்தையும் பென்டிரைவ் ஒன்றிலும், வேறோர் இடத்திலும் ஆக இரு பிரதிகள் எடுத்துக்கொள்க. அப்பிரதிகளை மற்றொரு கணினியில் திறந்து பார்த்த பின்னரே மேலே செல்க.

இரண்டாவது, எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றும். கணக்கு அழிந்துவிட்டதென்று அஞ்ச வேண்டா. எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பும். ஆதலால் கோப்பிலுள்ள எழுத்துருவின் பெயரை முன்னரே குறித்து, அதனையும் பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். தமிழக அரசு 2010இல் யூனிகோடு முறையை ஏற்றது. புதிய கணக்குகளை அம்முறையிலேயே எழுதுக. பழையவற்றை அதற்குரிய மாற்றி மென்பொருளால் மாற்றுக. எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றுவதால் பயனில்லை.

மூன்றாவது, நிறுவுதல். விலைக்கு வாங்கிய மைக்ரோசாப்ட் ஆபீஸாயின், குறுந்தகட்டு உறையிலுள்ள 25 எழுத்தும் எண்ணும் கொண்ட உரிமைக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்க. உரிமைப் பூட்டை உடைத்துத் தரும் களவுப் பிரதிகளை ஏற்கலாகாது. அவற்றோடு தீய நிரல்களும் சேர்ந்து வரக்கூடும்.

நான்காவது, புதுப்பித்தல். நிறுவியவுடன் அதற்கென வெளியான திருத்தங்கள் அனைத்தையும் சேர்க்க வேண்டும். இதன் அவசியத்துக்கு ஓர் உதாரணம் காண்போம். ஆபீஸில் இருந்த சமன்பாட்டுக் கருவி 2000ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. அதில் இருந்த ஓட்டை 17 ஆண்டுகளுக்குப் பின், 2017 நவம்பரில்தான் உலகறிய வெளிப்பட்டது. தீயோர் அனுப்பிய கோப்பைத் திறந்தாலே கணினி அவர் கைவசமாகும் நிலை அது. திருத்தத்தைச் சேர்த்தோர் தப்பினர். சேர்க்காதோரின் கணினிகள் திறந்த வீடாகவே கிடந்தன.

திருத்தங்கள் என்றும் வந்துகொண்டிருப்பதில்லை. ஆபீஸ் 2007க்கு 2017 அக்டோபர் 10இலும், 2010க்கு 2020 அக்டோபர் 13இலும், 2013க்கு 2023 ஏப்ரல் 11இலும், 2016, 2019 ஆகிய இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14இலும் ஆதரவு முடிந்தது. முடிந்த பின்னும் அவை இயங்கும்; புதிதாய்க் காணப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. அத்தகைய மென்பொருளைக் கொண்டு சொந்தக் கணக்கை எழுதலாம். அயலார் அனுப்பும் கோப்புகளை அதில் திறத்தல் தகாது.

செலவின்றி மாற விரும்புவோர்க்கு லிப்ரே ஆபீஸ் உண்டு. ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010இல் கிளைத்த இது, விலையின்றிக் கிடைப்பது. பழைய டாக், எக்ஸ்எல்எஸ் கோப்புகளையும் திறக்கும். எனினும் 2025 ஆகஸ்டில் வெளியான 25.8 பதிப்பு முதல் அதற்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். விண்டோஸ் 7 உள்ள மடிக்கணினியில் அதற்கு முந்திய பதிப்பே இயங்கும்.

எதனை நிறுவினாலும், பழைய கணக்கேடு ஒன்றைத் திறந்து, கூட்டுத்தொகையைக் கையிலுள்ள பேரேட்டோடு ஒப்பிடுக. புதிய பாவின் இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாய்ப் பிணைத்துச் சரிபார்த்த பின்னரே நெசவாளர் தறியில் அமர்கிறார். தொகை ஒத்திருப்பதைக் கண்ட பின்னரே பழைய மென்பொருளை நீக்குக.