டிரைவர் குடித்திருக்கிறார் என்று தெரிந்தால்

சம்பளம் போடுகிற 10ஆம் திகதி பின்னேரம் மஸ்கெலியா டவுனில் ஆட்டோ பிடிக்கிறவர்கள் கூலி எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. டிரைவரைக் கொஞ்சம் பேசவிட வேண்டும். "அண்ணே, எங்க போயிட்டு வர்றீங்க? இன்னைக்கு எத்தன ட்ரிப்பு?" என்று கேட்டால் போதும். பதில் சொல்ல அவர் திரும்பும்போது வாடை வரும், நாக்குத் தடிப்பது தெரியும், சில்லறை எண்ணும் விரல் தடுமாறுவது தெரியும். ஏறிய பிறகு கண்டுபிடித்தால் பத்து யோசனை செய்ய வேண்டியிருக்கும். ஏறுமுன் என்றால் ஒன்றே ஒன்றுதான்: ஏறாமல் இருப்பது. அதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. "இன்னொருத்தர் வரணும், நீங்க போங்கண்ணே" என்று சொல்லி ஒதுங்கிவிடலாம்.

இந்த ஊர் ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்று விளக்க வேண்டியதில்லை. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டி மஸ்கெலியா வந்து, மவுசாகலை நீர்த்தேக்கத்தைச் சுற்றி நல்லதண்ணி போகும்வரை முடக்குக்கு மேல் முடக்கு. ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம் அல்லது தண்ணீர். மாலையில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிற லொறியின் பின்விளக்குகூடத் தெரியாது. 2024 டிசம்பரில் ஹட்டன் மல்லியப்புவில் கண்டி நோக்கிப் போன தனியார் பஸ் புரண்டு மூன்று பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி அதிகாலை கொத்மலை கரண்டியெல்லவில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். இந்த இரண்டையும் குடியோடு முடிச்சுப் போட நான் வரவில்லை. மலைநாட்டு ரோடு ஒரு கணத் தவறைக்கூட மன்னிப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அங்கே சாராயமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

முதலில் நிச்சயப்படுத்துங்கள்

டிரைவர் பக்கத்தில் போத்தல் இருக்கிறது, அதில் செம்மண் நிறத்தில் ஏதோ இருக்கிறது என்பதற்காகச் சத்தம் போட்டுவிடாதீர்கள். வீட்டில் பிளேன்டீ ஊற்றி போத்தலில் கொண்டுவருகிற டிரைவர்கள் நிறையப் பேர். சாராயமும் பிளேன்டீயும் கண்ணாடிக்கு வெளியே ஒரே நிறம். மூடியைத் திறக்கும்போது வாடையைக் கவனியுங்கள். ஒரு மடக்குக்குப் பிறகு முகம் சுளிக்கிறதா, பின்னாலேயே சோடாவோ கடலையோ போகிறதா என்று பாருங்கள்.

வண்டி ஓடும் விதமும் சொல்லும். நடுக்கோட்டைத் தாண்டி வெட்டுவது, முடக்கில் ஹோர்ன் அடிக்க மறப்பது, இறக்கத்தில் கியர் மாற்றாமல் பிரேக்கிலேயே போவது, எதிரே வண்டி வந்தபிறகு திடுக்கிட்டு ஒதுங்குவது. இதில் ஒன்று நடந்தால் அசதியாக இருக்கலாம். சீனி வியாதிக்காரருக்குச் சீனி இறங்கினாலும் குடித்தவர் போலவே உளறுவார், வியர்த்து நடுங்குவார். காரணம் எதுவாக இருந்தாலும் அந்த வண்டி நிற்க வேண்டும் என்பதால், "நீ குடிச்சிருக்கிறாய்" என்று குற்றம் சாட்டாமல், "உங்களுக்கு உடம்பு சரியில்லபோல இருக்கே, கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்று தொடங்குவதுதான் நல்லது. குடித்தவருக்கு மானம் போகாமல் வண்டியை நிறுத்த ஒரு வழி கிடைக்கும். மானம்தான் இங்கே பெரிய சிக்கல் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பஸ்ஸில் இருக்கும்போது

நேரே டிரைவரிடம் போகாதீர்கள். முடக்கில் ஸ்டியரிங் திருப்பிக்கொண்டிருக்கிற ஆள் பின்னால் திரும்பி உங்களோடு மல்லுக்கு நின்றால் உள்ள ஆபத்து இரட்டிப்பாகும். கண்டக்டரைக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லுங்கள். கண்டக்டருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும், தெரியாததுபோல் நடிப்பார். அப்போது பக்கத்து சீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்னால் வாக்குவாதம், நாலு பேர் சொன்னால் கண்டக்டருக்கு வேறு வழியில்லை. பிள்ளையை மடியில் வைத்திருக்கிற அம்மா ஒருவர் வாய் திறந்தால் பஸ்ஸே பேசத் தொடங்கிவிடும்.

எங்கே நிறுத்தச் சொல்வது என்பதும் முக்கியம். முடக்கில் வேண்டாம், இறக்கத்தில் வேண்டாம். கடை, கோயில், தோட்டத்துச் சந்தி மாதிரி ஆட்கள் இருக்கிற, நேரான இடமாகச் சொல்லுங்கள். நின்றதும் இறங்குங்கள், ரோட்டிலிருந்து தள்ளி நில்லுங்கள், பஸ் நம்பரைப் பாருங்கள். சிவப்பு இ.போ.ச. பஸ் என்றால் எந்த டிப்போ என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம்பரை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். பதற்றத்தில் கடைசி இரண்டு எண்கள் இடம் மாறிவிடும். உடனே போனில் எழுதுங்கள், அல்லது டிக்கட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

ஆட்டோவிலோ வேனிலோ

இங்கே கண்டக்டர் இல்லை, நீங்களும் டிரைவரும்தான். "எனக்கு வாந்தி வருது, நிப்பாட்டுங்க" என்ற பொய் இந்த ஒரு இடத்தில் நியாயமானது. எந்த டிரைவரும் தன் சீட் அழுக்காவதை விரும்ப மாட்டார்.

ஓடுகிற வண்டியில் சாவியை மட்டும் பிடுங்கவே கூடாது. இதை வீர சாகசம் என்று நினைத்துச் செய்கிறவர்கள் உண்டு. வேனில் எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், மிதிக்க அதிக பலம் வேண்டும்; சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். முடக்கில் ஸ்டியரிங் பூட்டினால் வண்டி நேரே பள்ளத்துக்குத்தான் போகும். சாவியை எடுப்பதென்றால் வண்டி நின்று, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகு எடுங்கள்.

சிவனொளிபாதமலை சீசனுக்கு வேன் பிடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை நல்லதண்ணியில் இரவெல்லாம் வேன்கள் நிற்கும். நீங்கள் மலை ஏறுகிறீர்கள். டிரைவர் கீழே குளிரில் விடியும்வரை காத்திருக்கிறார். சூடு வேண்டும் என்று சிலர் ஒரு கால் போத்தலைத் திறக்கிறார்கள். சாராயம் தோலுக்குச் சூடு காட்டுமே தவிர உடம்பின் சூட்டை வெளியேற்றத்தான் செய்யும். விடிந்ததும் அதே ஆள் தூக்கமும் இல்லாமல் உங்களை மஸ்கெலியா வழியாகக் கீழே இறக்குகிறார். அதனால் வேன் பேசும்போதே டிரைவருக்குப் படுக்க இடமும் போர்வையும் நாங்கள் தருகிறோம், இரவு குடி கூடாது என்று பேசி முடியுங்கள். அந்த அறை வாடகையை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது புத்திசாலித்தனம் இல்லை.

ரோட்டில் எதிரே பார்த்தால்

நீங்கள் மோட்டார் சைக்கிளில் போகிறீர்கள், முன்னால் போகிற லொறிக்காரர் போத்தலைத் தூக்கி மடக்கென்று குடிக்கிறார். துரத்த வேண்டாம், முந்த வேண்டாம், லைட் அடித்து ஹோர்ன் அடித்து எச்சரிக்கவும் வேண்டாம். தூரம் விடுங்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 119க்கு எடுங்கள். ஓட்டிக்கொண்டே வீடியோ எடுப்பவர் அந்த நிமிஷத்தில் குடித்த டிரைவரைவிடக் கொஞ்சம்தான் மேல். பக்கத்தில் இருப்பவர் எடுத்திருந்தால் அது பொலிஸுக்குப் போகட்டும். 2025 ஜனவரியில் பொலிஸ் தொடங்கிய 'ஈ-டிராபிக்' செயலி இதற்குத்தான். பேஸ்புக்கில் போட்டால் லைக் வரும், வண்டி நிற்காது. குடித்தவரின் முகம்தான் ஊர் முழுக்கப் போகும். அவருடைய பிள்ளையும் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது.

119இல் என்ன சொல்வது

போன் எடுக்கிறவருக்கு "மொக்கா தோட்டத்து முடக்கு" என்றால் தெரியும் என்று நினைக்காதீர்கள். பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள்: நுவரெலியா மாவட்டம், மஸ்கெலியா, எந்த ரோடு, எங்கிருந்து எங்கே போகிறது. பிறகு வண்டி வகை, நிறம், நம்பர். கடைசியாக நீங்கள் கண்ணால் பார்த்தது. "ஓட்டிக்கொண்டே போத்தலில் குடித்தார்", "இரண்டு தடவை கோட்டைத் தாண்டினார்" என்று சொல்லுங்கள். "வெறியில் கிடக்கிறான்" என்று உங்கள் தீர்ப்பைச் சொல்லாதீர்கள். தமிழில் பேசுகிறவரைக் கேளுங்கள். லைன் அறுந்துவிடும்போல் இருந்தால் "ட்ரைவர் பீலா இன்னவா" (டிரைவர் குடித்திருக்கிறார்) என்ற மூன்று சிங்களச் சொற்கள் போதும், வேலை தொடங்கிவிடும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, நல்லதண்ணி எல்லா இடத்திலும் பொலிஸ் நிலையம் இருக்கிறது. எந்தத் திசையில் போகிறது என்று சரியாகச் சொன்னால் முன்னால் இருக்கிற நிலையத்தார் மறிப்பார்கள். தோட்டங்களுக்குள் பல இடத்தில் சிக்னல் விழாது. அப்படியென்றால் அடுத்த கடைக்காரரிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு நிலையத்துக்குப் போய் முறைப்பாடு எழுத வேண்டிவந்தால், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையைத் தருகிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மொழி காரணமாக மறுத்தால் 1956க்கு அழைக்கலாம். மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் தனியார் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இருக்கிறது.

"நான் சாட்சி சொல்ல ஹட்டன் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா?" என்பதுதான் எல்லோரும் கேட்பது. இந்த வழக்குகளில் பேசுவது பெரும்பாலும் மூச்சுப் பரிசோதனையும் டொக்டரின் அறிக்கையும்தான். சட்டத்தின் எல்லை 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். அதைத் தாண்டினால் தண்டம் குறைந்தது 25,000 ரூபா, லைசனும் நிறுத்தப்படலாம்.

நம்ம ஆள் என்றால்

இதுதான் கஷ்டமானது. டிரைவர் அந்நியர் என்றால் 119க்கு எடுக்கக் கை நடுங்காது. ஆனால் ஓட்டுகிறவர் அதே லயத்தில் நாலாம் வீட்டு மாமா, கல்யாணத்துக்கு வேன் கொடுத்தவர், மகளுக்குச் சுகமில்லை என்றபோது நடுராத்திரியில் காசு வாங்காமல் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அவரிடம் யார் சொல்வது? தோட்டத் தலைவரிடம் சொன்னால் "பேசி முடிச்சிடலாம்" என்பார். அப்படிப் பேசி முடித்த எத்தனையோ சமாச்சாரம் அடுத்த திருவிழாவுக்குத் திரும்பவும் வந்து நிற்கிறது.

குடித்திருக்கும்போது புத்தி சொல்லாதீர்கள், சாவியை மட்டும் வாங்குங்கள். கூட்டத்துக்கு நடுவே வேண்டாம், அவருக்கு மானம் போகும்; ஒரு பக்கமாகக் கூட்டிப்போய், "மாமா, இன்னைக்கு நம்ம வீட்டுல படுத்துட்டு காலையில போங்க, வண்டி இங்கேயே கிடக்கட்டும்" என்று சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, மோர் குடித்து, ஒரு கோப்பி குடித்தால் தெளிந்துவிடும் என்று அவர் சொல்வார். தெளிவது போலத் தெரியுமே தவிர இரத்தத்தில் இருப்பது குறையாது. அதைக் கரைக்க ஈரலுக்கு நேரம் மட்டும்தான் தேவை.

அவர் கேட்கவில்லை, சாவியும் தரவில்லை, வண்டியைக் கிளப்பிவிட்டார் என்றால், மாமாவாக இருந்தாலும் 119தான். காட்டிக்கொடுத்தவன் என்று நாலு நாள் பேசுவார்கள், பேசட்டும்.

அடுத்த நாள் தெளிந்த பிறகு உட்காரவைத்துப் பேசும்போது பாவம், புண்ணியம் என்று போகாதீர்கள். லீசிங்கைப் பேசுங்கள். குடித்து அடிபட்டால் இன்சூரன்ஸ்காரர் வண்டிக்குப் பணம் தரமாட்டார். வண்டி உடைந்து கிடந்தாலும் மாதாமாதம் லீசிங் கட்டத்தான் வேண்டும். இது நெஞ்சில் தைக்கும்.

பள்ளிக்கூட வேன்

காலை ஏழு மணிக்கு யார் குடிப்பார் என்று நினைக்கிறோம். முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு 180 மில்லிலீட்டர் சாராயத்தை முடித்த, அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது முழுக்கக் கரைய ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். அரைப் போத்தல் என்றால் மறுநாள் பகல் தாண்டியும் இரத்தத்தில் இருக்கும். வாடையை வெற்றிலையும் சுயிங்கமும் மறைத்துவிடும். அதனால் பிள்ளையை ஏற்றிவிடுகிற பெற்றோர் தினமும் டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். சந்தேகமாக இருந்தால் அன்று பிள்ளையை இறக்கிவிடுங்கள், மற்ற பெற்றோருக்கும் உடனே போன் பண்ணுங்கள். இதேபோல, கொழுந்து லொறியில் ஆட்களை ஏற்றும் டிரைவர் என்றால் பிரட்டுக் களத்திலேயே சொல்லுங்கள்: கணக்கப்பிள்ளையிடம், அவர் கேட்காவிட்டால் தொரையிடம்.

விபத்து நடந்துவிட்டால்

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். காயப்பட்டவரைத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள்; முதுகெலும்பு அடிபட்டிருந்தால் அது ஊனத்தில் முடியும். தீப் பிடித்தாலோ, வண்டி பள்ளத்துக்குச் சரிந்துகொண்டிருந்தாலோ மட்டும் நகர்த்துங்கள். முடக்குக்கு முன்னும் பின்னும் ஆட்களை நிறுத்தி மற்ற வண்டிகளை மறியுங்கள். டிரைவரை அடிக்கப் பாயும் கூட்டத்தைத் தடுங்கள்; பரிசோதனைக்கு அவர் உயிரோடு வேண்டும், மேலும் காரணம் வெறும் பிரேக் கோளாறாகவும் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று: தினமும் குடித்துப் பழகிய டிரைவர் "இனி தொடமாட்டேன்" என்று ஒரே நாளில் நிறுத்தினால் குடும்பத்தார் சந்தோஷப்படுவதோடு கவனமாகவும் இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்புகூட வரும். அந்த நாட்களில் அவர் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. டொக்டரிடம் காட்டி மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கும் பேசலாம். வண்டியை அந்த வாரம் தம்பியோ மச்சானோ ஓட்டட்டும்.