வரிசை மாறிய பயம்

அன்புள்ள கயல்,

நேற்று போனில் நீ பேசியது முழுக்க ஹெச்.ஐ.வி. பற்றித்தான். ஹெபடைடிஸ் பி என்ற பேச்சு நான் கேட்ட பிறகுதான் வந்தது. பயப்பட வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் உன் பயத்தின் வரிசை மாறிக் கிடக்கிறது. அதைச் சரிசெய்ய போனில் முடியாது, நீ அழுதுவிடுகிறாய். அதனால் நிதானமாக எழுதுகிறேன். ராத்திரி கூகுளைத் திறப்பதற்குப் பதிலாக இதைப் படி.

வெள்ளிக்கிழமை நைட் டியூட்டி முடிகிற நேரம். யாரோ கேனுலா போட்டுவிட்டு டிரேயை அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீ பஞ்சை அள்ளும்போது அடியில் கிடந்த ஊசி கிளவுஸைத் துளைத்து ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. பிங்க் கேனுலாவின் உள்ளூசி, அடிப்பக்கக் கூட்டில் ரத்தம் தெரிந்தது என்றாய். மழுப்பாமல் சொல்கிறேன், ஊசிகளில் இது கொஞ்சம் மோசமான வகை. தையல் ஊசி போலக் கெட்டியானது அல்ல, உள்ளே குழல், நரம்புக்குள் போய் வந்தது. மருத்துவமனை ஊழியர்களை வைத்து 1997-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஹெச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் கூட்டுபவை எவை என்று பார்த்தது. ஆழமான குத்து, கண்ணுக்குத் தெரியும் ரத்தம், ரத்தக்குழாயில் இருந்த ஊசி, நோய் முற்றிய நோயாளி ஆகியவை அதில் வந்தன. நடுவில் இரண்டு உனக்குப் பொருந்தும். குத்து ஆழமில்லை. கிளவுஸும் ரத்தத்தில் ஒரு பகுதியைத் துடைத்துவிட்டிருக்கும்.

இனி எண்களைப் பார். ஹெச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி ஆயிரம் பேரைக் குத்தினால், மருந்தே எடுக்காவிட்டாலும், சுமார் 3 பேருக்குத்தான் தொற்று வரும். அந்த நோயாளிக்கு ஹெச்.ஐ.வி. இருப்பது உறுதியானால்தான் இந்தக் கணக்கே. உன் ஊசி யாருடையது என்றே தெரியாது. ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. தடுப்பூசி போடாதவருக்கு, அந்த நோயாளியின் நிலையைப் பொறுத்து, நூற்றுக்கு 6 முதல் 30 வரை போகும். காய்ந்த ரத்தத்திலும் அந்த வைரஸ் 7 நாள் தாக்குப்பிடிக்கும். இருந்தும் வார்டில் இதற்காக யாரும் தூக்கம் கெடுவதில்லை. ஹெச்.ஐ.வி.யில் நாம் பயப்படுவது பாதி நோய்க்கு, பாதி ஊர் வாய்க்கு. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது அதற்கு மருந்து என்று ஒன்று கிடையாது. அந்தக் காலத்துப் பயம்தான் இன்னும் நம் வார்டுகளில் டியூட்டி பார்க்கிறது.

செய்யவேண்டியதை நீ செய்துவிட்டாய். விரலைப் பிழியவில்லை, வாயில் வைக்கவில்லை, டெட்டால் ஊற்றவில்லை, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினாய். விடிவதற்குள் ஹெச்.ஐ.வி. தடுப்புக்கான முதல் மாத்திரையும் போட்டாயிற்று. இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் ஒன்றாக இருக்கும் அந்த மாத்திரையைத் தினம் ஒன்று, 28 நாள், விடாமல் போடு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். முதல் வாரம் தாண்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் இதைக் குறித்துக்கொள். ரத்தசோகைக்கு நீ போடும் இரும்பு மாத்திரையோடு இதைச் சேர்த்துப் போடாதே. டோலுடெகிராவிர் இரும்போடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேராமல் போய்விடும். இதைப் போட்டு 2 மணி நேரம் கழித்து இரும்பு, அல்லது இரும்பு போட்டு 6 மணி நேரம் கழித்து இது. கால்சியத்துக்கும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிடுக்கும் இதே கணக்கு.

ஹெபடைடிஸ் பி-க்கு வருகிறேன். காலேஜில் மூன்று தவணையும் போட்டாய், சரி. போட்டதெல்லாம் பிடித்ததா என்பது வேறு கேள்வி. சிலருக்கு மூன்றும் போட்டும் எதிர்ப்பு சக்தி வராது. அந்த எதிர்ப்பு சக்தியை அளக்கும் டைட்டர் டெஸ்டுக்கு உடனே ரத்தம் கொடுக்கச் சொன்னது அதற்காகத்தான். 10-க்கு மேல் இருந்தால் இந்தக் கவலையை மூட்டை கட்டிவிடலாம். குறைந்தால் இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியும் போடவேண்டும். குத்திய 7 நாளுக்குள் போட்டாக வேண்டும், நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும்.

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இல்லை, முன்கூட்டிப் போடும் மாத்திரையும் இல்லை. பரிசோதித்துப் பார்க்கவேண்டியதுதான். வந்தாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமாகிறார்கள். 2018 முதல் அரசுத் திட்டத்தில் அது இலவசம்.

வார்டு ஆயா கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொன்னாராமே. அதை ஏளனம் செய்ய மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன், ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்த ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து 1988-ல் கீழாநெல்லியைப் பற்றி லான்செட்டில் எழுதினார். ஆனால் அது ஏற்கெனவே வைரஸ் உள்ளவர்களைப் பற்றியது. பின்னால் பிற நாடுகளில் செய்துபார்த்தபோது அந்தப் பலனும் கிடைக்கவில்லை. ஊசி குத்தியவருக்கு அதில் வேலை இல்லை.

இன்சார்ஜ் சிஸ்டர் ‘பெரிசு பண்ணாதே’ என்றாரா? பெரிசு பண்ணு. தேதி, நேரம், எந்த ஊசி, எவ்வளவு ஆழம் என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்கு. அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் எதுவும் இல்லை என்ற ரிப்போர்ட்டும் உன் கையில் இருக்கட்டும். பயன்படுத்திய ஊசியைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் அப்போதே போடவேண்டும் என்பது 2016 விதி. ஊழியருக்குப் பாதுகாப்பும் ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையும் தருவது மருத்துவமனையின் கடமை என்று 2017 ஹெச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. ஊசியை டிரேயில் விட்டவர் யாரோ, குற்றவாளி போல முழிப்பது நீ. அதோடு, அந்த வார்டு நோயாளிகளின் ரத்தத்தைக் கேட்காமல் லேபுக்கு அனுப்பலாம் என்று உன் தோழி சொன்ன யோசனை வேண்டாம். சம்மதம் இல்லாமல் ஹெச்.ஐ.வி. டெஸ்ட் செய்வது சட்டப்படி தவறு, நமக்கு அது அழகும் இல்லை.

இனி 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று டெஸ்ட். அதுவரை ரத்ததானம் வேண்டாம். அம்மாவோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், தம்பியைக் கட்டிக்கொள்ளலாம், டியூட்டிக்கும் போகலாம். நடுவில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் டாக்டரிடம் காட்டு. அதை வைத்து ஹெச்.ஐ.வி. என்று நீயே முடிவு கட்டாதே, அறிகுறியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் 1097-க்குப் போன் போடு, காசு கிடையாது. பகலில் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் கவுன்சிலரைப் பார்.

நாளை டைட்டர் வந்ததும் எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. இம்யூனோகுளோபுலின் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைத்துவிட்டேன், தேவைப்பட்டால் நானே வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறேன். அண்ணனிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்பதையும் எழுது.

அன்புடன்,
அத்தை