ரத்தம் நின்ற பிறகும் மாத்திரை



தென்காசி பக்கம் ஒரு குழுக் கூட்டம். பீடி சுற்றும் அக்கா ஒருவர் வாசல் ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை எழுந்து போனார். கூட்டம் முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்: "எட்டு மாசமா ரத்தமும் சளியுமா போகுது மேடம். மூலம்னு நெனச்சு குற்றாலத்துல சீசனப்ப லேகியம் வாங்கித் தின்னேன். இப்ப டியூப் விட்டுப் பாத்துட்டு குடல் அழற்சிங்காங்க. ரொம்ப வருசம் மாத்திரை சாப்பிடணுமாம்."

நாம் சாதாரணமாகச் சொல்லும் அல்சர் வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குகிற நோய் இது. பெருங்குடலில் மட்டும் வந்தால் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது கிரோன்ஸ். உங்களுக்கு இரண்டில் எது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இது தொற்று நோய் இல்லை. காரம் சாப்பிட்டதால் வந்ததும் இல்லை, மாமியார்கள் கவனிக்கவும்!

நம் நாட்டில் குடல் காசநோயும் பார்வைக்கு கிரோன்ஸ் மாதிரியே இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அந்த அக்கா செய்த தப்பைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மருந்து தின்ன ஒரு மாதத்தில் ரத்தம் நின்னுட்டு. "சரியாப் போச்சு, எதுக்கு வீண் செலவு" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். சில வாரத்தில் பழையபடி ஆரம்பித்துவிட்டது. ரத்தம் நின்றால் நோய் அடங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். மெசலமைன், சல்பாசலசின் போன்ற மாத்திரைகள் அதை அடங்கியே இருக்க வைக்கத்தான். சல்பாசலசின் தின்றால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகலாம், பயப்படாதீங்க. ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தவே கூடாது. டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கர்ப்பமானாலும் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். முட்டுவலிக்கு கடையில் நீங்களாக டைக்ளோபினாக் வாங்கிப் போடாதீங்க, நோயைக் கிளப்பிவிடும்.

சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் பொதுவான பத்தியம் கிடையாது. எதைத் தின்றால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பாருங்கள். குழுவுக்கு வரவு செலவு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டில் தேதி, எத்தனை தடவை, ரத்தம் உண்டா, மாத்திரை போட்டாச்சா என்று எழுதி வையுங்கள். நான்கு நிமிஷத்தில் டாக்டரிடம் எல்லாம் சொல்லிவிட முடியாது, நோட்டைக் காட்டலாம்.

ஒரே நாளில் ஆறு தடவைக்கு மேல் ரத்தத்தோடு போய், காய்ச்சலோ படபடப்போ சேர்ந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் போடுங்கள்.