கையெழுத்துக்கு முன் மூன்று சொற்கள்

பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி. அங்கே ஓர் அம்மா எட்டு வருடமாகத் துணி தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கூலி 400 ரூபாய். ஒரு நாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டுகிறார். "ஆர்டர் இல்லை. இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்.

தாளில் என்ன எழுதியிருக்கிறது? அதைப் படிக்க வேண்டும்.

'லே-ஆஃப்' என்று இருந்தால், வேலை போகவில்லை. கரண்ட் இல்லை, துணி வரவில்லை, மிஷின் பழுது, தைத்த சரக்கு தேங்கிவிட்டது. இப்படிப்பட்ட காரணத்தால் சில நாள் வேலை தர முடியவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். 50 பேருக்குக் குறையாத கம்பெனியில், ஒரு வருடம் வேலை செய்தவருக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி கிடைக்கும். வார விடுமுறைக்குக் கிடையாது. ஆனால் தினமும் ஒரு முறை வேலை நேரத்தில் கம்பெனிக்குப் போய் முகம் காட்ட வேண்டும். ஊருக்குப் போய்விட்டால் அந்தப் பாதியும் போய்விடும்!

'ஆட்குறைப்பு' என்றால், வேலை முடிந்தது. தண்டனையாக நிறுத்துவது இதில் சேராது. ஒரு மாதம் முன்பே காரணம் எழுதி நோட்டீஸ் தர வேண்டும். இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். அதோடு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடு. அந்த அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

400 × 15 = 6,000
6,000 × 8 = 48,000 ரூபாய்

மூன்றாவது சொல் 'ராஜினாமா'. "சொந்தக் காரணத்தால் வேலையை விடுகிறேன்" என்று எழுதியிருக்கும். வேலை இல்லாதது கம்பெனியில். காரணம் மட்டும் அம்மாவுடையதா? இதில் கையெழுத்துப் போட்டால் அந்த 48,000 ரூபாயைக் கேட்பது கஷ்டம். பணிக்கொடை வேறு. ஐந்து வருடம் முடித்தவர் ராஜினாமா செய்தாலும் அது உண்டு.

1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டம் இவற்றைச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்தது. மேலே போட்ட கணக்கு மாறவில்லை.

ஒரு வருட வேலை என்பதற்கும் சட்டத்தில் பொருள் உண்டு. 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்தால் ஒரு வருடம். லே-ஆஃப் நாட்களும் இதில் சேரும். பிரசவ விடுப்பும் சேரும். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தால், நாள் கணக்கைக் காட்ட உதவும்.