விட்டுப்போன பாடங்கள்

நுழையும் முன்

படிப்பில் பின்தங்குவதும் மனம் சோர்வதும் ஒன்றையொன்று வளர்ப்பவை. அச்சுழலில் அகப்பட்டவரின் நிலையையும் அதிலிருந்து வெளிவரும் வழியையும் இவ்வுரைநடைப் பகுதி பேசுகிறது.

தேவிகுளத்தில் பள்ளி திறக்கும் காலமும் மழை தொடங்கும் காலமும் ஒன்றே. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரில் ஆனி, ஆடி மாதங்களில் வெயிலைக் காண்பது அரிது. மண் சரிந்து சாலை அடைபட்டால் பேருந்து வராது. காய்ச்சலில் படுத்தால் ஒரு வாரம் போய்விடும். ஆகவே, பாடம் விட்டுப்போவது இங்கு யார்க்கும் நேரக்கூடியதே. நண்பரின் குறிப்பேட்டை வாங்கி எழுதிக்கொண்டால் பெரும்பாலோர்க்கு அது சரியாகிவிடும்.

சிலர்க்கு அவ்வாறு ஆவதில்லை. குறிப்பேட்டை வாங்கி வருகின்றனர். திறக்க மனம் வருவதில்லை. மறுநாள் ஆசிரியர் கேட்பாரே என்று அஞ்சி, வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே தங்குகின்றனர். அன்றைய பாடமும் முன்னைய பாடங்களோடு சேர்கிறது. பெற்றோர் காலையிலேயே கொழுந்து பறிக்கச் சென்றுவிடுவதால், லயத்து வீட்டில் பிள்ளை பகல் முழுதும் போர்வைக்குள் கிடப்பது எவர் கண்ணிலும் படுவதில்லை. மாலையில் "இன்னைக்கும் ஏன்டா போகல?" என்று அம்மா கேட்டால் எரிச்சலோடு ஒரு மறுமொழி வரும். அதனைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ வீட்டார் எண்ணிவிடுகின்றனர்.

அது மனச்சோர்வாக இருக்கலாம். மனவருத்தம் எல்லார்க்கும் வரும். சில நாள்களில் தணியும். வருத்தமோ எரிச்சலோ நாள்தோறும் நீடித்து, விரும்பிய விளையாட்டிலும் நாட்டம் அற்று, உறக்கமும் பசியும் மாறி, "நான் எதற்கும் உதவாதவன்" என்னும் எண்ணம் இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், மருத்துவர்கள் அதனை நோயாகக் கருதி ஆராய்வர். இந்நோய் கவனத்தையும் நினைவாற்றலையும் நேரே தாக்குகிறது. ஒரே பத்தியை நான்கு முறை படித்தும் ஒன்றும் பதியாமல் போவது அதனால்தான். அந்நிலையில் உள்ளவரிடம் "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்று சொல்வது, காய்ச்சலில் நடுங்குபவரிடம் நடுங்காதே என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

கணிதமேதை இராமானுசனின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். பெரும்பாலும் அதன் முடிவையே நமக்குச் சொல்வார்கள். நடுப்பகுதியைச் சற்று நின்று பார்ப்போம். 1904-ஆம் ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். கட்டணம் செலுத்துவது குடும்பத்திற்கு எளிதன்று. 1905 ஆகஸ்டில், பெற்றோரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், வீட்டை விட்டு விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது 17. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பினார். 1906, 1907 ஆகிய ஈராண்டும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். அவர் மனநிலைக்கு நோய்ப்பெயர் சூட்டுவது நம் வேலையன்று. ஆயினும், பின்தங்கியதை யாரிடமும் சொல்ல இயலாமல் ஓடிப்போன அப்பிள்ளையை நம்மால் அடையாளம் காண முடிகிறது.

1910-இல் அவர் மற்றொரு பயணம் மேற்கொண்டார். தம் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குச் சென்று, துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரிடம் காட்டினார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவர். அவர் சென்னையிலிருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அத்தொடர்பு நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் வரை நீண்டது. அவர் மாதம் 25 ரூபாய் அளித்துவந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலையும் கிடைத்தது. முதற்பயணத்தில் எல்லாரிடமிருந்தும் மறைந்தவர், இரண்டாவதில் ஒருவரைத் தேடிச் சென்றார். நம்முள் இராமானுசன் ஆகப்போகிறவர் மிகச் சிலரே; ஆகவே அவருடைய மேதைமையைவிட இந்தத் திருக்கோவிலூர்ப் பயணமே நமக்குக் கூடுதலாகப் பயன்படும் என்பேன்.

சொன்னபின் என்ன செய்வது? விட்டுப்போன பாடங்கள் அப்படியேதானே இருக்கின்றன? இதற்கு உங்கள் அம்மாவின் வேலையைக் கவனியுங்கள். தேயிலையில் கொழுந்தைக் குறித்த இடைவெளியில் பறித்தாக வேண்டும். மழையில் ஒரு சுற்றுத் தவறினால் இலை முற்றிவிடும். அதற்காகக் காடு முழுவதையும் ஒரே நாளில் பறித்துவிட யாரும் முனைவதில்லை. பகுதியாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு வரிசை என்று நின்று பறிக்கின்றனர். விட்டுப்போன பாடங்களையும் அவ்வாறே ஒரு தாளில் எழுதி, ஆசிரியரிடம் காட்டி, "இவற்றுள் இன்றியமையாதவை எவை?" என்று கேளுங்கள். பல பாடங்களை முழுமையாக எழுத வேண்டியதே இல்லை என்று அவரே சொல்லக்கூடும். நாளொன்றுக்கு இருபது நிமிடம், ஒரே பாடம் என்று தொடங்கினால் போதும். மனம் தெளிந்தபின் படிக்கலாம் என்று காத்திருந்தால் நாள்தான் கழியும். மனச்சோர்வில் சிறு செயல் முன்னே செல்ல, ஊக்கம் பின்னே வருவதுண்டு. அவ்விருபது நிமிடமும் இயலாத நாள்கள் வரும். அன்று பள்ளிக்கு வந்து அமர்ந்தாலே அது வேலைதான்.

தேர்வில் தவறினாலும் ஆண்டு வீணாவதைத் தவிர்க்க வழியுண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் துணைத்தேர்வு நடத்துகிறது. கேரள மாநிலப் பாடத்திட்டத்தில் 'சே' தேர்வு உள்ளது.

இரண்டு வாரமாகியும் மனம் தேறவில்லையெனில் பெற்றோரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் கூறி மருத்துவரை அணுக வேண்டும். பேச்சுவழி மருத்துவமும், தேவைப்படின் மருந்தும் நல்ல பயன் தருகின்றன. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மனஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். சிறுவர் உதவி எண் 1098. வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் எழுந்தால் விடியும்வரை காத்திராமல், உறங்குபவரை எழுப்பியேனும் சொல்லிவிட வேண்டும். அதனை உங்களிடம் நண்பர் ஒருவர் சொன்னால், "யாரிடமும் சொல்லாதே" என்று அவர் கேட்டுக்கொண்டாலும், பெரியவர் ஒருவரிடம் உடனே தெரிவியுங்கள்.

சொற்பொருள்

கொழுந்து – தேயிலையின் இளந்தளிர்
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு
நாட்டம் – விருப்பம்

பயிற்சி

1. மனவருத்தத்திற்கும் மனச்சோர்விற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. இராமானுசனின் இரு பயணங்களையும் கட்டுரையாசிரியர் ஏன் ஒப்பிடுகிறார்?
3. பிரித்து எழுதுக: அவ்விருபது, முதற்பயணம்.
4. இரண்டு வாரம் பள்ளிக்கு வராத நண்பருக்கு, அறிவுரை எதுவும் கூறாமல், பத்து வரிகளில் ஒரு கடிதம் எழுதுக.